ஏழாம் நம்பர் சாக்கு

செவ்வாயும் வெள்ளியும் மலையிலிருந்து குப்பை ஜீப் இறங்கும். அந்த இரண்டு நாளும் ஈஸ்வரி விடியும்போதே தலைக்கு ஊற்றி, முடியை இறுக்கி முடிந்துகொண்டு, ராசிங்காபுரத்திலிருந்து முதல் பஸ்சைப் பிடித்துவிடுவாள். குப்பை எரிக்கிற இடத்துக்குப் போகிறவர்கள் திரும்பி வந்துதான் குளிப்பார்கள். போகும்போது குளித்துவிட்டுப் போகிறவள் அவள் ஒருத்திதான். கேட்டால், வெக்கைக்கு நல்லது என்பாள்.

போடியிலிருந்து குரங்கணி போகும் ரோட்டில், மாந்தோப்புகள் முடிந்து கரடு ஏறுகிற இடத்தில் அந்த உலை இருந்தது. மக்காத குப்பை, எடைக்கும் போட முடியாத குப்பை எல்லாம் அங்கேதான் வரும். பதினோரு வருசமாக ஈஸ்வரி அங்கே சோலி பார்க்கிறாள். சாக்கைப் பிரிக்க வேண்டும், பாட்டிலும் டப்பாவும் இருந்தால் பொறுக்கி எடுக்க வேண்டும், மிச்சத்தை உலைக்குள் எறிய வேண்டும். ஒருத்தி சங்கிலியை இழுத்தால் இரும்புக் கதவு மேலே ஏறும். இன்னொருத்தி சாக்கை வீசுவாள். கதவு ஏறும் கணத்தில் உள்ளே காற்றுப் புகுந்து தீ ஒரு எட்டு வெளியே வந்து போகும். அதனால் சங்கிலிக்காரி முதலில் "தூக்குறேன்" என்று சத்தம் கொடுக்க வேண்டும். வீசுகிறவள் ஒதுங்கி நின்று, தீ அடங்கினதும் வீச வேண்டும். இவ்வளவுதான் அங்கே படிப்பு.

மலை ஜீப்பில் முப்பது நாற்பது சாக்கு வரும். குரங்கணிக்கு மேலே ஒரு ஏலக்காய் எஸ்டேட்டில் வேலைக்காரர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளிலிருந்து வருபவை அவை. ஒவ்வொன்றிலும் வீட்டு நம்பர் பெயிண்டில் எழுதியிருக்கும். ஈஸ்வரி மற்றதை எல்லாம் மளமளவென்று பிரித்துப் போட்டுவிட்டு ஏழாம் நம்பரைக் கடைசியாக வைத்துக்கொள்வாள். அந்தச் சாக்கின் வாய் மட்டும் கிழிந்த சேலைத் துணியால் இரட்டைச் சுருக்குப் போட்டுக் கட்டியிருக்கும். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் அவிழ்ந்துவிடும். கண்ணாடியும் டப்பாவும் தனிப் பொட்டலமாக வெளியே தொங்கும். அப்படிக் கட்டத் தெரிந்தவர்கள் அந்த உலையில் வேலை பார்த்தவர்கள் மட்டும்தான்.

ஏழாம் நம்பர் வீட்டில் இருப்பது அவளுடைய தங்கச்சி சந்திரவல்லி. இருவரும் பேசி நாலு வருசம் ஆகிறது.

சந்திராவுக்கும் அவளுக்கும் பத்து வயது வித்தியாசம். ஆத்தா செத்தபோது சந்திரா ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். ஈஸ்வரிக்குக் கல்யாணமாகி ஒரே வருசத்தில் புருசன் மரம் வெட்டப் போன இடத்தில் மரத்தோடு சாய்ந்து போனான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அக்காளும் தங்கச்சியும்தான். ஒரு தட்டில் சாப்பிட்டார்கள், ஒரு பாயில் படுத்தார்கள். சந்திராவை உலை வேலைக்குக் கூட்டி வந்ததும் ஈஸ்வரிதான்.

சந்திராவுக்குத் தேவாரத்தில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்த சமயம் அது. ஒரு புதன்கிழமை மத்தியானம். ஈஸ்வரி சங்கிலியைப் பிடித்திருந்தாள். சந்திரா அடுத்த சாக்கைத் தூக்கக் குனிந்துகொண்டே கேட்டாள்.

"முகூர்த்தச் சேலை என்ன கலருக்கா எடுக்கலாம்?"

"அரக்கு எடு. உன் நெறத்துக்கு அதான் எடுப்பா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே ஈஸ்வரி சங்கிலியை இழுத்துவிட்டாள். சொல்ல வேண்டிய சொல்லைச் சொல்லவில்லை. முந்தின சாக்கில் எப்படியோ தப்பிப் போயிருந்த கொசு மருந்து டப்பா ஒன்று அதே நேரம் உள்ளே வெடித்தது. தீ வெளியே வந்து சந்திராவின் இடது கன்னத்தையும் கழுத்தையும் தடவிவிட்டுப் போனது.

தேனி பெரியாஸ்பத்திரியில் அவள் கிடந்த ஒன்பதாம் நாள், ஈஸ்வரியை ஆபீசுக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். சத்தம் கொடுத்தாயா என்று கேட்டார்கள். ஒருத்தி படுக்கையில் கிடக்கிறாள், என் சோலியும் போய்விட்டால் இருவரும் என்ன செய்வது என்று அவள் மனசு ஒரு நொடியில் கணக்குப் போட்டது. கொடுத்தேன் என்றாள். அப்படியானால் உன் தங்கச்சிதான் சாக்கைச் சரியாகப் பார்க்காமலும், சத்தம் கேட்டு ஒதுங்காமலும் இருந்திருக்கிறாள், அப்படித்தானே என்றார்கள். ஆமாம் என்றாள். எழுதிக் காட்டிய தாளில் கையெழுத்தும் போட்டாள்.

அந்தத் தாள் எப்படியோ சந்திராவின் காதுக்குப் போய்விட்டது. தேவாரத்துக்காரர்கள் சம்பந்தத்தை முறித்துக்கொண்டார்கள். அதற்குக்கூடச் சந்திரா அழவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவள் ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"நீ சத்தம் குடுத்தியாக்கா?"

ஈஸ்வரி, அடுப்பில் கஞ்சி பொங்குகிறது என்று எழுந்து போனாள். மறுவாரமே சந்திரா ஏலக்காய் பொறுக்குகிற வேலைக்கு மலை ஏறிவிட்டாள். அங்கேயே ஒருவனைக் கட்டிக்கொண்டாள் என்று ஊர் வழியாகத்தான் தெரிந்தது.

ஆக, தங்கச்சியைப் பற்றி ஈஸ்வரிக்குத் தெரிந்ததெல்லாம் சாக்கு சொன்னதுதான். முதல் ஒரு வருசம் தீக்காயத்துக்குப் போடும் களிம்பு டியூப்பு வந்தது, கடைசிச் சொட்டு வரை பிதுக்கிச் சுருட்டியபடி. அப்புறம் அது குறைந்தது. ஒரு பொங்கலுக்குப் பிறகு சவர பிளேடு உறை வரத் தொடங்கியது. கட்டினவன் நல்லவனா என்று பிளேடு உறையைப் பார்த்து எப்படிச் சொல்வது? ஆனால் பிராந்திப் பாட்டில் ஒன்றுகூட வந்ததில்லை. அது ஒரு நிம்மதி. போன வருசக் கடைசியில் இரும்புச் சத்து மாத்திரை அட்டை வந்தது. ஈஸ்வரி அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு வாராவாரம் அட்டையை எண்ணினாள், விரலை மடக்கி மாசத்தை எண்ணினாள். ஒரு வெள்ளிக்கிழமை சாக்கில் உடைந்த கண்ணாடி வளையல் துண்டுகள், பச்சையும் சிவப்பும், தனிப் பொட்டலமாக வந்தன. யாரோ அவளுக்கு வளைகாப்புப் போட்டிருக்கிறார்கள். யார் வளையலை அடுக்கியிருப்பார்கள்? யார் சந்தனம் பூசியிருப்பார்கள்? பக்கத்து வீட்டு மலையாளத்துப் பெண்கள் யாராவது செய்திருப்பார்களா? ஈஸ்வரி அன்றைக்கு மத்தியானச் சோற்றைத் தொடவில்லை.

அதற்குப் பிறகு பத்து நாளில் உலையை நிறுத்திவிட்டார்கள். புது மெஷின் வரப்போகிறது என்றார் மேற்பார்வையாளர் சத்தியநேசன்.

"இனிமே யாரும் தீ முன்னாடி நிக்க வேண்டாம்மா. நாலு வருசமா எழுதி எழுதிப் போட்டு இப்பத்தான் வந்துருக்கு. எல்லாம் உன் தங்கச்சிக்கு ஆனதுக்கு அப்பறம் எழுதினது" என்றார்.

மூன்று வாரம் வேலை நடந்தது. மலைக் குப்பை வேறு எங்கோ போனது. கோயம்புத்தூரிலிருந்து வந்த ஃபிட்டர் தரையில் குழி தோண்டி ஒரு இரும்புத் தொட்டியை இறக்கினார். தொட்டி ஏற, சாய்வாக இரண்டு தண்டவாளம். மேலே கம்பி வடத்தைச் சுற்றி இழுக்கிற மோட்டார். தொட்டி உச்சிக்குப் போய்க் கவிழ்ந்தால் குப்பை ஒரு பெட்டிக்குள் விழும். பெட்டியின் மூடி மூடிக்கொள்ளும். அப்புறம்தான் உலைப் பக்கத்துக் கதவு ஏறும். பின்னாலிருந்து ஒரு இரும்புக் கை குப்பையை மொத்தமாகத் தீக்குள் தள்ளிவிட்டுத் திரும்பும்.

"ரெண்டு கதவும் ஒரே நேரத்துல திறக்கவே திறக்காது. நீங்களே நெனச்சாலும் முடியாது. ஒண்ணு பூட்டினாத்தான் இன்னொண்ணுக்குக் கரண்டே போகும்" என்றார் ஃபிட்டர்.

ஈஸ்வரி அந்தக் கதவுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு வருசத்துக்கு முன்னால் இது இருந்திருந்தால், சேலைக் கலரைப் பேசிக்கொண்டே ஆயிரம் சாக்கு போட்டிருக்கலாம்.

மெஷினை ஓட்ட அவளைத்தான் போட்டார்கள். உலையிலிருந்து இருபதடி தள்ளி ஒரு கண்ணாடிக் கூண்டு, ஒரு நாற்காலி, ஒரு காற்றாடி, மூன்று பொத்தான். மற்றப் பெண்கள் பொறாமையும் சந்தோசமுமாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பதினோரு வருசத்தில் முதல்தடவையாக அவள் முகத்தில் வெக்கை அடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மலை ஜீப் வந்தது. ஓட்டுகிற எபினேசர் வண்டியைப் பின்னால் எடுத்துத் தொட்டிக் குழி ஓரம் நிறுத்தினான். ஈஸ்வரி கூண்டிலிருந்து இறங்கினாள்.

"சாக்கை இங்கிட்டு இறக்கு தம்பி, பிரிக்கணும்."

"இல்லக்கா, மேலயே எல்லாத்தையும் பிரிச்சுத்தான் அனுப்புறாக. நேரா தொட்டியில தட்டச் சொல்லிட்டாக" என்றான் எபினேசர்.

சத்தியநேசனும் தூரத்திலிருந்து கையை ஆட்டினார். "நீ பொத்தானை மட்டும் பாரு ஈஸ்வரி. சாக்குல கை வைக்கவே கூடாது, அதான் புதுச் சட்டம்."

சாக்குகள் தொட்டிக்குள் உருண்டன. பதினொன்று, நாலு, இருபத்திரண்டு. அவற்றின் நடுவே ஏழு. சேலைத் துணி முடிச்சு இல்லை. யாரோ கயிற்றால் கண்டபடி சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

ஈஸ்வரி கூண்டுக்குள் போய் முதல் பொத்தானை அழுத்தினாள். தொட்டி முனகிக்கொண்டு ஏறியது. பாதி வழியில் அவள் விரல் தானாகச் சிவப்புப் பொத்தானுக்குப் போனது. தொட்டி தண்டவாளத்தில் அந்தரத்தில் நின்றது. ஏழாம் நம்பர் சாக்கின் ஒரு மூலை விளிம்புக்கு மேலே தெரிந்தது. உள்ளே என்ன இருக்கும்? பிள்ளைச் சோப்பின் உறையா? இல்லை, பழையபடி மாத்திரை அட்டையா? ஒன்பது மாசம் தாண்டி இருபது நாள் ஆகிறது. அவள் கணக்கு அதற்கு மேல் ஓடவில்லை.

"என்னம்மா, மக்கர் பண்ணுதா?" என்று சத்தியநேசன் கேட்டுக்கொண்டே வந்தார்.

"இல்ல சார்" என்று சொல்லிவிட்டு மறுபடி பொத்தானை அழுத்தினாள். தொட்டி உச்சிக்குப் போய்க் கவிழ்ந்தது. மூடி மூடியது. கதவு ஏறியது. இரும்புக் கை தள்ளியது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு சத்தமும் கேட்கவில்லை.

ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்த எபினேசரிடம் போனாள்.

"தம்பி, அந்த ஏழாம் நம்பர் வீட்டுல... பிள்ளை பிறந்துருச்சா?"

நாலு வருசத்தில் அவள் அவனிடம் அந்த வீட்டைப் பற்றி வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல்தடவை. எபினேசர் தண்ணீரை நிறுத்தினான்.

"தெரியலக்கா. நான் லயத்துப் பக்கம் ஏறுறதில்ல, சாக்கு ரோட்டுக்கு வந்துரும். முன்னெல்லாம் அந்த அக்காதான் தூக்கிட்டு வருவாக. மூணு வாரமாப் பக்கத்து வீட்டுச் சேச்சி கொண்டாந்து வைக்குது. அந்த அக்காவைக் கண்ணுலயே காணல."

ஈஸ்வரி தொட்டிக் குழியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "ஞாயித்துக்கிழமை மேல போவியா?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் எபினேசரின் ஜீப்பில் ஏறினாள். குரங்கணி தாண்டியதும் ரோடு கல்லாகி, கல் சகதியானது. வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்தது. காப்பிச் செடி போய் ஏலத்தோட்டம் வந்தது. என்ன பேசுவது என்று வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தவளுக்கு, லயத்து வாசலில் ஜீப் நின்றபோது ஒரு சொல்லும் ஞாபகம் இல்லை. கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் வேப்பெண்ணெய் பாட்டிலும் இருந்தன.

ஏழாம் நம்பர் வீட்டுக் கதவைத் திறந்தவன் ஒல்லியான மனிதன். அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"ராசிங்காபுரத்துலருந்து வர்றேன்" என்றாள்.

"மதினியா?" என்றான் அவன். "நான் பிச்சைமணி. உள்ள வாங்க. கொஞ்சம் குனிஞ்சு வாங்க, நிலை ரொம்பத் தாழ்வு."

உள்ளே கட்டிலில் சந்திரா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இடது கன்னத்தில் தோல் பளபளவென்று இழுத்திருந்தது. மடியில், பழைய சேலையில் சுற்றிய ஒரு சிவந்த முகம் தூங்கிக்கொண்டிருந்தது.

ஈஸ்வரியின் கால் வாசப்படியிலேயே நின்றுவிட்டது. இருபது நாளாக நெஞ்சில் கிடந்த கல் கரைந்து கண்ணுக்கு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பொம்பளப் பிள்ளை" என்றாள் சந்திரா. குரலில் வரவேற்பும் இல்லை, விரட்டலும் இல்லை. "இருபத்தி நாலு நாளாச்சு."

"எங்க பெத்த?"

"போடி ஆஸ்பத்திரியிலதான். அஞ்சு நாள் இருந்தேன்."

போடி. உலையிலிருந்து கூப்பிடு தூரம். அந்த ஐந்து நாளும் ஈஸ்வரி, ஃபிட்டர் குழி தோண்டுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லி விட்டிருந்தா ஓடி வந்திருப்பனே ஆத்தா."

"திரும்பி வாரப்ப வாடகை ஜீப்பு உன் உலை வாசல் வழியாத்தான் வந்துச்சு. புகை இல்ல. நிறுத்தச் சொல்லலாமான்னு இருந்துச்சு. பிள்ளை அழுதுச்சு. அப்படியே வந்துட்டேன்."

பிச்சைமணி காப்பி போடுகிறேன் என்று பின்பக்கம் போனான். அவன் போனதைப் பார்த்துவிட்டு ஈஸ்வரி தரையில் உட்கார்ந்தாள்.

"உன் சாக்கைப் பார்த்துத்தான் இத்தனை நாளும் ஓட்டினேன். நீ முடிச்சுப் போடுறது, டப்பாவைத் தனியாக் கட்டுறது எல்லாம் எனக்காகன்னு நெனச்சுக்கிட்டேன்."

சந்திரா தலையை ஆட்டினாள். "அங்க யாரு நின்னாலும் அப்படித்தான் கட்டியிருப்பேன்க்கா. இன்னொருத்தி மூஞ்சி வேகக் கூடாதுல்ல."

அது ஈஸ்வரிக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் அந்த "அக்கா" அவள் காதில் விழாமல் இல்லை. நாலு வருசமாக யாரும் அவளை அந்த ஓசையில் கூப்பிட்டதில்லை.

"நான் அன்னைக்குச் சத்தம் குடுக்கல" என்றாள். "குடுத்தேன்னு பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்."

"தெரியும்."

"என்னைய மன்னிச்சுரு ஆத்தா."

சந்திரா பிள்ளையின் சேலையைச் சரிசெய்தாள்.

"தீ பட்டதுக்கு உன்மேல எனக்குக் கோவமில்லக்கா. நாந்தான சேலைப் பேச்சை எடுத்தேன். டப்பாவைப் பார்க்காம விட்டதும் நாந்தான். அது என் தப்பு, இருக்கட்டும். ஆனா அந்தத் தாளுல என்னையச் சொன்ன பேச்சு கேக்காதவன்னு எழுதியிருக்கு. எஸ்டேட்டுக்கு வேலை கேட்டு வந்தப்ப இங்க இருந்த கங்காணி அதைச் சொல்லிச் சிரிச்சாரு. இங்க வந்து எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? எங்க சொன்னியோ அங்க போய் மாத்திச் சொல்லு."

"சொன்னா சோலி போயிரும் சந்திரா."

"போகும்" என்றாள் சந்திரா. அவ்வளவுதான்.

காப்பி வந்தது. குடித்தார்கள். கிளம்பும்போது பிள்ளையைத் தூக்கிக்கொள் என்று சந்திரா சொல்லவில்லை, ஈஸ்வரியும் கேட்கவில்லை. ஒரு விரலால் அதன் பாதத்தை மட்டும் தொட்டாள். வெதுவெதுவென்று இருந்தது. இறங்குகிற வழி முழுக்க அந்த விரலைத் தனியாக மடக்கி வைத்துக்கொண்டே வந்தாள்.

திங்கட்கிழமை காலை சத்தியநேசன் நாற்காலியில் உட்காரும் முன்பே அவள் மேசைக்கு முன்னால் நின்றாள். நடந்ததைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நாலு வருசம் போச்சு ஈஸ்வரி. யாரும் கேக்கல. மெஷினே வந்துருச்சு. இப்பப் போயி ஏன் இதைக் கிளறுற?"

"எழுதுங்க சார். அவ டப்பாவைப் பார்க்கல, நான் சத்தம் குடுக்கல. ரெண்டையும் எழுதுங்க."

"மேல அனுப்பினா உன்னைய மெஷின்ல இருந்து எடுத்துருவாங்க. அது என் கையில இல்ல."

"தெரியும் சார். எழுதுனதுல எனக்கு ஒரு நகல் வேணும்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு தாளை எடுத்தார்.

வியாழக்கிழமையே உத்தரவு வந்துவிட்டது. விசாரணை முடியும் வரை மெஷினைத் தொடக் கூடாது. வெளியே அனுப்பவில்லை, உலைக்குப் பின்பக்கம் சாம்பல் அள்ளுகிற சோலியில் போட்டார்கள். கண்ணாடிக் கூண்டில் வேறொருத்தி உட்கார்ந்தாள். ஈஸ்வரி சாம்பலை வாரித் தள்ளுவண்டியில் கொட்டினாள். இரும்பு ஆணி, கம்பி, உருகிக் கட்டியான கண்ணாடி என எரியாதது மட்டும் அதில் கிடக்கும். அதில் எது எந்த வீட்டுடையது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் அவள் கை கொஞ்சம் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் அள்ளியது.

நகலை எபினேசரிடம் கொடுத்து அனுப்பினாள். செவ்வாய் வந்தது. "குடுத்தேன்க்கா. வாங்கிக்கிட்டாக. ஒண்ணும் சொல்லல" என்றான் அவன். வெள்ளி வந்தது. அன்றும் ஒன்றுமில்லை. ஈஸ்வரி தினமும் சாம்பல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது நிமிர்ந்து மலையைப் பார்ப்பாள். மேகம் இறங்கியிருந்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்குமே என்று நினைப்பாள். வெயில் அடித்தால், இந்நேரம் துணி காயப்போட்டிருப்பாள் என்று நினைப்பாள். ஒரு தடவை போய் வந்தால் ஆறிவிடும் என்று நினைத்த ஏக்கம், போய் வந்த பிறகுதான் ஆளைத் தின்றது. முன்னே அவளுக்குச் சாக்குதான் தெரியும். இப்போது ஒரு பாதம் தெரியும்.

அடுத்த வாரமும் எபினேசர் கையை விரித்தான். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை, ஜீப்பை நிறுத்திவிட்டு அவனே உலையின் பின்பக்கத்துக்கு அவளைத் தேடி வந்தான்.

"அக்கா, வர்ற ஞாயித்துக்கிழமை ஏழாம் நம்பர்ல பிள்ளைக்குப் பேர் வைக்கிறாகளாம்."

ஈஸ்வரி மண்வெட்டியை ஊன்றி நின்றாள். "என்னைய வரச் சொன்னாளா?"

எபினேசர் பொய் சொல்லத் தெரியாதவன்.

"வரச் சொல்லுன்னு சொல்லலக்கா. ஆனா நான் கேக்காமலே, பத்து மணிக்குன்னு நேரம் சொன்னாக. ரெண்டு தடவை சொன்னாக."

ஈஸ்வரி சாம்பல் அப்பிய கையைச் சேலையில் துடைத்தாள். துடைத்த கையைப் பார்த்துவிட்டு மறுபடி துடைத்தாள்.

"பத்து மணிக்குன்னா, இங்கயிருந்து எப்பக் கெளம்பணும்?"

"ஏழு மணிக்கு எடுத்தா சரியா இருக்கும்."

"மழை பேஞ்சா வழியில சிக்கிக்கிரும் தம்பி. ஆறு மணிக்கே எடு" என்றாள் ஈஸ்வரி. "நான் அதுக்கு முன்னாடியே வந்து ரோட்டுல நிக்கிறேன்."